அப்பாவுக்கு ஒரு சிரிப்பு

ஆகஸ்ட் 4, திங்கள்

கோமதி இன்று கேட்டேவிட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்து என் தட்டிலிருந்து அப்பளத்தில் ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, "எக்கா, ஊர்ல எல்லாருக்கும் வரைஞ்சு குடுக்கே. எனக்கு ஒண்ணு வரைய மாட்டியா?" என்றாள்.

என்ன படம் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். கல்யாண மண்டப வாசலில் வைப்பதற்காம். நிச்சயதார்த்தத்தன்று அவளும் மாப்பிள்ளை இசக்கிராஜனும் சேர்ந்து எடுத்த போட்டோவைப் பார்த்து வரைய வேண்டும். அவர்களுக்குப் பின்னால் அப்பா நிற்க வேண்டும். இரண்டு பேர் தலையிலும் கை வைத்து ஆசீர்வாதம் செய்ய வேண்டும்.

அப்பா செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

செத்தவர்களை இருப்பவர்கள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் என் கைத்தொழில். பகலில் பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரசீது போடுகிறேன். பஸ்ஸிலும் மதிய இடைவேளையிலும் மொபைலில் வரைகிறேன். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போலத்தான் இந்த வேலை. ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். அடியில் சுவர், அதன்மேல் ஆள், அதன்மேல் புடவை, நகை, கடைசியில் வெளிச்சம். ஒன்றைத் தொட்டால் மற்றது கெடாது. செத்தவருக்கு எப்போதும் தனி லேயர். படம் கிடைத்ததும் அழுதுகொண்டே நன்றி சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள். ஊராருக்கெல்லாம் செய்துவிட்டுக் கூடப்பிறந்தவளுக்கு முடியாது என்று எப்படிச் சொல்வது?

எல்லாரும் ஆள்காட்டி விரலால் வரைவார்கள். எனக்கு அது மடங்காது. சின்ன வயதில் காற்றில் கதவு அடித்து நசுங்கியது. நடுவிரலால் வரைகிறேன். பழகிவிட்டது.

"பாக்கேன்" என்றேன். மீதி அப்பளத்தையும் அவள் பக்கம் தள்ளினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சுடலைமுத்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கல்யாண வேலை எல்லாம் அவர் கையில். காபி கொடுத்தேன். சீனி போடவில்லை, வேண்டுமென்றேதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். அப்பாவுக்கு மொத்தமே மூன்று போட்டோதான் தேறியது. ரேஷன் கார்டில் ஒட்டியது, டிரைவர் லைசென்ஸுக்கு எடுத்தது, திருச்செந்தூர் போயிருந்தபோது யாரோ எடுத்தது. அதில் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறோம், அவர் மட்டும் கடலைப் பார்க்கிறார்.

எதிலும் அவர் சிரிக்கவில்லை.

"கொஞ்சம் சிரிச்ச மாதிரி போட்டுரு வடிவு" என்றாள் அம்மா.

"எதப் பாத்துப் போட?"

"எல்லாத்துக்கும் கேள்வி கேப்பியா? கற்பனையில போடு."

"ஒனக்கு ஞாபகம் இருக்காம்மா, அவிய சிரிச்சது?"

அம்மா பெட்டியை மூடினாள். ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். அவளுக்குப் பதில் தெரியாத கேள்வி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ரசம் வைக்கப்படும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோமதியை வரைந்து முடித்தேன். அவளை வரைய போட்டோவே தேவையில்லை. அவள் பிறந்தபோது எனக்கு எட்டு வயது, இடுப்பில் தூக்கி வைத்தே வளர்த்தவள் நான். இசக்கிராஜனும் வந்துவிட்டான். நல்ல முகம், அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கோமதியின் பட்டுப்புடவைக்கு அரக்கு நிறம் பூசி, அதன்மேல் ஒரு நிழல் லேயர் போட்டு அளவாக மங்கவைத்ததும் மடிப்புகள் எழுந்து நின்றன.

பிறகு அப்பா. வெள்ளைச் சட்டை, வேட்டி. முகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கையை எடுத்துக்கொண்டேன்.

கை வரமாட்டேன் என்கிறது. கோமதியின் தலைக்கு மேலே வைத்தால் ஓங்கியது போல இருக்கிறது. இறக்கித் தலைமேல் வைத்தால் முடியைப் பிடித்தது போல இருக்கிறது. விரல்களை விரித்தேன், குவித்தேன், திருப்பிப் போட்டேன். அழித்து அழித்து வரைந்தேன். எத்தனையோ பேருக்கு ஆசீர்வாதக் கை வரைந்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

இடையில் அம்மா எட்டிப் பார்த்தாள். "கை நல்லா வந்திருக்கே" என்றாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என் திரையையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு நெற்றியில் திருநீறு போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒங்க அப்பாவாம்மா? என்னா சாந்தமான முகம்!"

"ஆமா" என்றேன். இறங்கி நடக்கும்போது காலில் இருந்த செருப்பைக் கழற்றி யார்மேலாவது எறிய வேண்டும் போல இருந்தது. யாரும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று மதிய இடைவேளையில் சாப்பிடவில்லை. அப்பாவின் லேயரை மறைத்துவிட்டு அதற்கு மேலே புதிதாக ஒரு லேயர் திறந்தேன். எதையும் பார்க்காமல் வரைந்தேன். காக்கிச் சட்டை போட்ட மினி பஸ் டிரைவர். ஓங்கிய கை. தரையில் அம்மா, ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது. வாசல்படி, கதவு, கதவு இடுக்கில் ஒரு சின்னக் கை. இவ்வளவு வேகமாக நான் எதையும் வரைந்ததில்லை. ஒரு கோடுகூடத் தப்பாக விழவில்லை.

இடைவேளை முடிந்ததும் அந்த லேயரை அழித்துவிட்டுப் போய் உட்கார்ந்து ரசீது போட்டேன்.

முதல் நாள் கதவு பற்றி எழுதியதைத் திரும்பிப் படித்தேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. என் சொந்த நோட்டில்கூட அம்மா சொல்லிக்கொடுத்ததைத்தான் எழுதியிருக்கிறேன்.

அன்று காற்று அடிக்கவில்லை. புழுக்கமான நாள். அப்பா அம்மாவை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தப் போனார். சாத்தினால் என்ன நடக்கும் என்று தெரியும், அதனால் கதவு நிலையில் கையை வைத்தேன். "கைய எடு" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நான் எடுக்கவில்லை. அவர் சாத்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது அம்மா, "காத்துல கதவு அடிச்சிட்டு சார்" என்றாள். அவள் தோளில் கோமதி தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் என்னைப் பார்த்து, "அப்படியா பாப்பா?" என்றார். அம்மா என் முதுகில் கை வைத்திருந்தாள். தடவிக்கொடுப்பதாகத்தான் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. பத்திரிகை வைக்கப் போகும் வழியில் மாமா வந்தார். படத்தைக் காட்டு என்றார். முடியவில்லை என்றேன்.

"கல்யாணத்துக்கு எத்தன நாள் கெடக்கு? எப்பட்டி முடிப்பே? மாப்ள வீட்டுக்காரவ கௌரவமான ஆளுங்க. வாசல்ல மச்சான் படம் இல்லன்னா என்ன நெனப்பாவ?" பிறகு அம்மாவிடம் திரும்பி, என் காதில் விழட்டும் என்றே சொன்னார்: "மூத்தவ இருக்கயில இளையவளுக்கு முடிக்கோம். அதுக்கே ஊரு ஆயிரம் கேக்குது. எத்தன மாப்ள பாத்தேன் இவளுக்கு! எல்லாத்தயும் முகத்துல அடிச்ச மாதிரி வேண்டான்னா."

"நான் கேட்டனா மாமா, பாக்கச் சொல்லி?"

"பாத்தியாக்கா? அப்படியே அவ அப்பன் கோவம்."

நான் எழுந்து உள்ளே வந்தேன். கதவை அடித்துச் சாத்தக் கை போய்விட்டது. பாதியில் நிறுத்திச் சத்தம் வராமல் சாத்தினேன்.

அப்பன் கோவமாம். அப்பனுக்குக் கோபம் வந்தால் அடுத்தவர்களுக்கு எலும்பு உடையும். எனக்குக் கோபம் வந்தால் ஒருவருடைய காபியில் சீனி குறையும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முடித்துவிட்டேன்.

சிரிப்புக்காக இரண்டு நாள் அலைந்தேன். உதட்டோரத்தைத் தூக்கினால் நையாண்டி போல இருந்தது, பல் தெரிந்தால் அரசியல்வாதி மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் கோமதியின் வாயைப் பிரதி எடுத்து, பெரிதாக்கி, மீசைக்கு அடியில் வைத்து, ஓரங்களை மழுப்பிவிட்டேன். சட்டென்று ஒரு மனிதர் திரையில் வந்து நின்றார். மகளைக் கட்டிக்கொடுக்கிற நிம்மதியில் சிரிக்கிற ஒரு நல்ல தகப்பன். கைகூட இப்போது ஆசீர்வாதம் செய்கிற கைதான்.

நான் இதுவரை வரைந்ததிலேயே இதுதான் நல்ல படம். அதுதான் வயிறு எரிகிறது.

குடும்பக் குரூப்பில் போட்டேன். அம்மா அழுதாள். மாமா கைகூப்புகிற பொம்மையாக ஒரு வரிசை அனுப்பினார். கோமதி பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா அப்படியே இருக்காவக்கா" என்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

இந்த ஆப் நான் வரைவதையெல்லாம் தானாகவே வீடியோவாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடுவரை வேகமாக ஓட்டிக் காட்டும். படம் கேட்பவர்களுக்கு அதையும் சேர்த்து அனுப்புவது என் வழக்கம். வேலையிலிருந்து வந்ததும் கோமதி, "எக்கா, அந்த வீடியோவக் குடேன். ஸ்டேட்டஸ் வைக்கணும்" என்றாள். நான் பூட்டைத் திறந்து போனைக் கையில் கொடுத்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். வீடியோ ஓடி முடிந்து நின்றிருந்தது. அவள் அதைப் பின்னால் தள்ளித் தள்ளி ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழித்த லேயரும் வீடியோவில் இருக்கும். எல்லாமே இருக்கும்.

"இது யாருக்கா?"

நான் துணியை மடிக்கத் தொடங்கினேன்.

"எக்கா. கீழ கெடக்கது அம்மாவா?"

"ஆமா."

"கதவுல இருக்க கை?"

அவள் என் வலது கையை இழுத்துப் பார்த்தாள். இத்தனை வருஷமாகப் பார்த்த விரல்தான். புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"காத்துன்னு சொன்னீங்க. ரெண்டு பேரும் காத்துன்னு சொன்னீங்களேக்கா."

"நீ கைப்பிள்ளட்டி அப்போ."

"இப்பயுமா கைப்பிள்ள?" என்று கத்தினாள். "கல்யாணம் பண்ணிப் போறேன். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து அப்பா மாதிரி வருமான்னு ஒங்ககிட்டயே பேசிட்டுத் திரிஞ்சேன். ரெண்டு பேரும் மூஞ்சப் பாத்துக்கிட்டு ம் ம்முன்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்களா? என்னயப் பாத்தா ஒங்களுக்குச் சிரிப்பா இருந்துச்சா?"

சிரிப்பாக இல்லை, பொறாமையாக இருந்தது என்று வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் போனை மெத்தையில் போட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வீடியோ இருப்பது எனக்கு மறந்துபோய்விட்டது. நிஜமாகவே மறந்துதான் போனேன்.

ஆகஸ்ட் 20, புதன்

வேலை முடிந்து வரும்போது அடுப்படியில் கோமதியின் சத்தம். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அவ கைய ஒடச்ச ஆளுக்கு ஆளுயரப் படம் வரையச் சொல்லிருக்கே. அதுவும் அவளயே! எப்படிம்மா ஒனக்கு மனசு வந்துச்சு?"

"நீதாண்டி கேட்டே படம் வேணும்னு!"

"எனக்குத் தெரியாதே! ஒனக்குத் தெரியும்லா?"

பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது. அம்மாவின் குரல் இறங்கியது. "நான் எங்க போவேன்? ரெண்டு பொட்டப் பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவேன், சொல்லு. எந்தம்பி வீட்டுக்குப் போனேன். மறுநாளே பஸ் ஏத்தி விட்டான், புருசன் வீட்டுக்குப் போன்னு. டாக்டருகிட்ட நெசத்தச் சொன்னா போலீஸ் வரும். அவர் திரும்பி வந்ததும் நாங்கதான் அந்த வீட்டுக்குள்ள இருக்கணும்."

மாமா வீட்டுக்குப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவர்தான் திருப்பி அனுப்பினார் என்பது இன்றுதான் தெரியும். அம்மாமேல் எனக்கு இருக்கும் கோபம் அதைக் கேட்டும் குறையவில்லை. குறைய வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர்கள்மேலும் கோபம் வரும். ஆனால் சீனி போடாத காபியை அந்த ஆளுக்குக் கொடுத்ததே அதிகம்.

கோமதி அங்கிருந்தே மாமாவுக்குப் போன் போட்டாள். "மாமா, அப்பா படம் வேண்டாம். ஃப்ளெக்ஸ் அடிக்கக் குடுக்காதீய" என்றாள். அவர் சரி என்றாராம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தாலிக்கொடி வாங்கப் போன இடத்தில் கூட்டம். நானும் கோமதியும் வெளியே நிழலில் நின்றோம். ஆறு நாளுக்குப் பிறகு அவளாகப் பேசினாள்.

"காலு ஒடிஞ்சு வண்டி ஓட்டுறத விட்ட பெறகு அப்பா குடிக்கவே இல்லல்லா? நான் பள்ளிக்கூடம் விட்டு வரயில தெனமும் டீ போட்டு வச்சிருப்பாவ. இஞ்சி தட்டிப் போட்டு. அதும் நெசந்தானக்கா?"

"நெசந்தான்."

"ஒனக்கும் ஒரு டம்ளர் வச்சிருப்பாவ. நீ குடிச்சு நான் பாத்ததே இல்ல."

"ஆமா. சாக்கடையில ஊத்துவேன்."

"அவியளுக்குத் தெரியுமா?"

"பாத்துக்கிட்டேதான் இருப்பாவ."

தெரிந்துதான் மறுநாளும் வைப்பார். ஒருநாள்கூட எதுவும் சொன்னதில்லை. மன்னிப்பும் கேட்டதில்லை. செத்துப்போகும்வரை எனக்கு டம்ளர் வைப்பதை மட்டும் விடவில்லை. அதை நான் என்ன செய்வது? எந்த லேயரில் வைப்பது அதை?

கோமதி என் தோளில் சாய்ந்துகொண்டாள். வெயில் சுள்ளென்று அடித்தது. இரண்டு பேரும் அழவில்லை, ரோஸ்மில்க் வாங்கிக் குடித்தோம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மண்டபத்துக்குச் சாமான் ஏற்றி இறக்கி இடுப்பு விட்டுப்போச்சு. காய்கறிக்காரன் வெண்டைக்காய்க்குப் பதில் அவரைக்காய் கொண்டுவந்தான். அவனிடம் போட்ட சண்டையில் மனசுக்கு ஒரு நிம்மதி.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணம் முடிந்தது. எல்லாரும் போய்விட்டார்கள். கால் வலி உயிர் போகிறது. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

விடிந்ததும் கோலம் போட வாசலுக்கு வந்தேன். அப்பா நின்றிருந்தார்.

மண்டப வாசலை அடைத்துக்கொண்டு ஃப்ளெக்ஸ். நான் வரைந்த அதே படம், ஆனால் கோமதியையும் மாப்பிள்ளையையும் கீழே சின்னதாக்கிவிட்டு அப்பாவை மட்டும் வாசல் நிலை உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். அவ்வளவு பெரிதாக அந்தச் சிரிப்பு. கோமதியின் உதடு, ஒவ்வொரு கோடும் என் நடுவிரல் போட்டது. கீழே, "அன்புத் தெய்வத்தின் ஆசியுடன்" என்று எழுதி, பக்கத்தில் மாமாவின் பெயரும் போட்டோவும்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாழைமரம் கட்டுபவனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்னு சொன்னோம்லா மாமா?"

"சின்னப் பிள்ள ஏதோ கோவத்துல சொல்லுதுன்னு விட்டுட்டேன். ஏளா, நாலு பேரு வாரது போறது. வாசல் மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"எறக்குங்க."

"நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காத வடிவு."

"எறக்குங்கன்னு சொல்லுதேன்!"

இவ்வளவு சத்தம் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது. மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் முன்னாலேயே வந்திருந்த இரண்டு பெண்கள் படியில் நின்றுவிட்டார்கள். பாதி அலங்காரத்தோடு, ஒரு பக்கம் மட்டும் ஜிமிக்கி போட்டுக்கொண்டு கோமதி ஓடிவந்தாள். அண்ணாந்து பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. மாமா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"அப்பனத் தெய்வமா வச்சிருக்கேன். ஒனக்கு என்னட்டி வலிக்கி?"

"அவ கைய விடு."

அம்மா. பூத்தட்டோடு உள்ளிருந்து வந்தவள் தட்டைப் படியில் வைத்தாள். நேராக வாழைமரத்துக்காரனிடம் போய் அவன் இடுப்பிலிருந்த கத்தியைக் கேட்டாள். அவன் ஒன்றும் புரியாமல் கொடுத்தான். பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் ஏறினாள்.

"எக்கா, என்ன செய்யுதே? நாலு பேரு பாக்காவ!"

"பாக்கட்டும்." ஒரு பக்கக் கயிற்றை அறுத்தாள். ஃப்ளெக்ஸ் சாய்ந்தது. "எம் புருசன் ஒருநாளும் இப்படிச் சிரிச்சதில்ல. இது யாரோ. யார்னு தெரியாத ஆளு எம்பிள்ள கல்யாணத்துக்கு எதுக்கு?"

"நீதானக்கா அழுதே, படத்தப் பாத்து..."

"ஆமா, அழுதேன். இப்படி ஒருத்தன் எனக்கு வாய்க்கலியேன்னு அழுதேன்." ஸ்டூலை நகர்த்தி மறுபக்கத்தையும் அறுத்தாள். "பிள்ளைய ரெண்டயும் கூட்டிக்கிட்டு ஒன் வீட்டுக்கு வந்தேன், ஞாபகம் இருக்கா? மூத்தவளுக்குக் கையில கட்டு. பாத்தேல்லா நீ? பாத்துட்டுத்தான பஸ் ஏத்தி விட்டே?"

மாமா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். ஃப்ளெக்ஸ் பெரிய சத்தத்தோடு கோலம் போட வேண்டிய இடத்தில் மடிந்து விழுந்தது. அம்மா இறங்கினாள், கத்தியைத் திருப்பிக் கொடுத்தாள், கொசுவத்தை அவிழ்த்துவிட்டாள். படியில் நின்ற மாப்பிள்ளை வீட்டுப் பெண்களிடம், "உள்ள வாங்க. காப்பி சாப்ட்டீயளா?" என்றாள். அவர்களும் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போனார்கள்.

அம்மா என்னைத் தாண்டிப் போகும்போது என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை. இவ்வளவு தைரியத்தை இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாய் என்று அவள் பின்னாலேயே போய்க் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. கோலமாவை எடுத்தேன்.

முகூர்த்தம் நல்லபடியாக நடந்தது. இசக்கிராஜன் தாலி கட்டும்போது கோமதி என்னைத்தான் பார்த்தாள்.

ஆகஸ்ட் 30, சனி

அம்மாவுக்குக் காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். "உப்பு இல்ல" என்றாள். போட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

ஒரு பெரியவர் படம் கேட்டு அனுப்பியிருக்கிறார். மனைவி இறந்துவிட்டார், பேத்தியின் காதுகுத்துப் படத்தில் அவர் தன் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். "அவ நல்லா சிரிப்பா" என்று எழுதி, சிரிக்கிற போட்டோவும் சேர்த்து அனுப்பியிருந்தார். வரைகிறேன் என்று பதில் போட்டேன்.

சாயங்காலம் கோமதி போன் செய்தாள். தென்காசியில் மழையாம். மாமியார் நல்ல மாதிரியாம். அவள் வைத்த சாம்பாரை எல்லாரும் வாய் பேசாமல் சாப்பிட்டார்களாம், அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லையாம். அவள் பேச்சுக்குப் பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

"எக்கா. ஒனக்குக் கோவம் போயிட்டா?"

"இல்ல."

"எனக்கு இப்பத்தானக்கா வருது" என்றாள். "இங்க யாருகிட்டயும் சொல்ல முடியல. டீ குடிக்கயில வருது. இவிய சும்மா கதவச் சாத்துனாக்கூட வருது. என்ன செய்யணும்னே தெரியல."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணும் செய்யாண்டாம்" என்றேன். "சொல்லு, நான் இருக்கேன்."

அவள் சொல்லத் தொடங்கினாள்.